பத்துப் பாசுரமும் எழுபத்து நான்கு மதகும்



பச்சைமலையின் அடிவாரத்திலுள்ள அரும்பாவூர், பெரம்பலூர் மாவட்டத்தில் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தெய்வத் திருவுருவங்களும், தேருக்குரிய சிற்பங்களும், உத்ஸவ வாஹனங்களும் அங்கே உருவாகின்றன. உளிச் சத்தத்தோடு பொழுது விடியும் தெருக்கள் அவ்வூரில் உண்டு. 2020ஆம் ஆண்டு அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கு அது ஒரு பெருமை. ஆனால் அதனினும் பெரிய பெருமை ஒன்று அத்தொழிலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அங்கே செதுக்கப்படும் கருடனோ, அனுமனோ, குதிரையோ செதுக்கினவர் வீட்டில் தங்குவதில்லை. அவை வேறோர் ஊருக்கு, வேறொரு கோயிலுக்கு, வேறு யாரோ சில ஸ்ரீபாதம்தாங்கிகளின் தோள்களுக்குப் போய்ச் சேர்கின்றன. பெரிய ஸந்நிதிகளில் வாஹனத்தின்மேல் வெள்ளித் தகடோ பித்தளைத் தகடோ போர்த்துவதுண்டு. அப்போது மரத்தில் இழைத்த வேலை கண்ணுக்கே தெரியாது. தெரியாவிட்டால் என்ன? எம்பெருமானைத் தாங்குவது உள்ளேயிருக்கும் மரந்தானே.

எம்பெருமான் வாஹனத்தில் ஏறி வீதிக்கு எழுந்தருளுவது எதற்காக? கருவறையில் நின்றும் இருந்தும் கிடந்தும் ஸேவை ஸாதிப்பவனுக்கு ஊர்சுற்றிப் பார்க்கவேண்டிய தேவை ஏதுமில்லை. நடக்கமுடியாத கிழவர், நோயிற் கிடப்பவர், கைக்குழந்தையை விட்டு வர இயலாத தாய், வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்று அஞ்சுபவர், இவர்களெல்லாம் கோயிலுக்கு வரமாட்டாதவர்கள். வரமாட்டாதவர் வாசலுக்குத் தானே வந்து நிற்பதுதான் திருவீதிப் புறப்பாடு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பாட்டி ஒருத்தி கைகூப்புகிறாள். அவளுக்காகவும் மேளம் ஒருகணம் நிற்கிறது. அந்த ஒருகணத்தை அவள் அடுத்த உத்ஸவம் வரை வைத்திருந்து பேசுவாள்.

ஸந்நிதியில் தீர்த்தம் வாங்கும் முறையைச் சற்றே கவனித்தால் போதும், சாஸ்திரம் பல படிக்கவேண்டாம். பச்சைக் கற்பூரமும் ஏலமும் துளசியும் கமழும் அந்த நீரைப் பெறுவதற்கு உள்ளங்கையைக் குழித்து நீட்டவேண்டும். முஷ்டி பிடித்த கையில் தீர்த்தம் நில்லாது. முழுக்க விரித்த கையிலும் நில்லாது, வழிந்துபோகும். குழிந்த கையில்தான் நிற்கும். அதுவும் எவ்வளவு நேரம்? விரலிடுக்கில் ஒழுகுவதற்குமுன் பருகிவிடவேண்டும். நாளைக்கென்று அதைக் கையில் சேமித்துவைக்க முடியாது.

அடுத்துத் தலையில் சாதிக்கப்படுவது ஸ்ரீசடகோபம். எம்பெருமானுடைய திருவடிநிலைக்கு நம்மாழ்வாரின் திருநாமமே பெயராயிற்று. அவர் வேளாளர் குலத்தில் திருக்குருகூரில் அவதரித்தவர். வேதம் ஓதிய அந்தணருக்கும், நாடாண்ட மன்னருக்கும், ஏர் பிடிக்கும் உழவருக்கும், எவர்க்கும் வேறுபாடின்றி அவர் பெயரே திருவடியாய் வந்து தலையில் அமர்கிறது. உடையவர் ஸந்நிதியில் அதே திருவடிநிலைக்கு முதலியாண்டான் என்று பெயர். ஆக, வைஷ்ணவத்தில் அநுக்ரஹம் ஒருபோதும் தனியாக இறங்குவதில்லை. இடையில் ஓர் அடியார் நின்று வாங்கி மறுபடி கொடுக்கிறார். இன்று அந்த வரிசையில் நின்று தலைகுனிந்த யாத்திரிகரும், வெளியே வந்து துளசியில் ஓரிதழைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கிள்ளிக் கொடுக்கும்போது, அந்த வரிசையில் ஒருவராகிவிடுகிறார்.

இவ்வாறு கிள்ளிக் கொடுத்த ஓரிதழ் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸம்ப்ரதாயத்திலேயே பெரியதொரு சான்று உண்டு. அரும்பாவூரிலிருந்து கிழக்குநோக்கிப் புறப்பட்டு, அரியலூர்ச் சீமையைக் கடந்தால், காட்டுமன்னார்கோயில். அந்நாளில் அதற்கு வீரநாராயணபுரம் என்று பெயர். அங்கே மன்னனார் ஸந்நிதியில் கைங்கர்யம் செய்துகொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். யோகத்திலும் ஞானத்திலும் இசையிலும் வல்லவர். அவர் காலத்தில் ஆழ்வார்களின் அருளிச்செயல் வழக்கொழிந்து கிடந்தது. ஆழ்வார்கள் பாடினார்கள் என்ற செய்தி இருந்திருக்கலாம், பாடல் இல்லை.

ஒருநாள் வெளியூரிலிருந்து சில யாத்திரிகர் மன்னனாரை ஸேவிக்க வந்தனர். அவர்கள் பெயரை எந்த குருபரம்பரையும் பொன்னெழுத்தில் பொறித்துவைக்கவில்லை. புழுதி படிந்த காலோடு வந்து, பெருமாள் திருமுன்பே நின்று, தாங்கள் அறிந்த பாசுரங்களை உருகிச் சேவித்தார்கள். குடந்தை ஆராவமுதன்மேல் நம்மாழ்வார் அருளிய பத்து அது. நாள்தோறும் அக்கோயிலுக்கு எத்தனையோ பேர் வந்து ஏதேதோ பாடிவிட்டுப் போயிருப்பார்கள். கோயிலில் ஊழியம் செய்பவருக்கு யாத்திரிகர் பாட்டு என்பது பழகிப்போன ஒலி. காதில் விழும், கருத்தில் ஏறாது. நாதமுனிகள் அப்படி இருக்கவில்லை. காதைத் திறந்துவைத்திருந்தார். அப்பத்தின் முடிவில், இவை ஆயிரத்துள் ஒரு பத்து என்ற குறிப்பு இருப்பதை அவர் செவி பிடித்துக்கொண்டது. ஆயிரமும் உமக்கு வருமோ என்று வினவினார். இப்பத்து மட்டுமே தெரியும் என்றார்கள் அவர்கள்.

இங்கேதான் சற்று நிற்கவேண்டும். முழுவதும் தெரியாது என்பதற்காக அந்த யாத்திரிகர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு மறந்துபோன கூட்டத்தார் அவர்கள். அவர்களிடம் இருந்தது நூற்றில் ஒரு பங்கு. அதையும் வீட்டுப் பூஜையறையில் வைத்துப் பூட்டாமல், நடந்த வழியெல்லாம், நுழைந்த கோயிலிலெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கொடுப்பதற்குத் தம்மிடம் நிறைய இருக்கவேண்டும் என்று காத்திருப்பவர் பலர். அவர்களில் பெரும்பாலோர் காத்திருந்தபடியே காலத்தை முடித்துவிடுகின்றனர். இவர்கள் காத்திருக்கவில்லை.

நாதமுனிகள் குடந்தைக்குப் போனார். அங்கிருந்து திருக்குருகூருக்குப் போனார். மதுரகவியாழ்வார் வழிவந்த பராங்குசதாஸரைக் கண்டு கேட்டார். ஆயிரம் பாசுரங்கள் அவரிடமும் இல்லை. ஆனால் மதுரகவிகள் தம் ஆசார்யனைப்பற்றிப் பாடிய கண்ணிநுண் சிறுத்தாம்பு இருந்தது. பதினோரு பாசுரங்களே கொண்ட அந்தப் பிரபந்தத்தை ஆழ்வார் ஸந்நிதியில், திருப்புளியாழ்வாரின் அடியில், 12,000 முறை உருச்சொன்னால் ஆழ்வார் பிரஸந்நராவார் என்று அவர் வழிகாட்டினார். நாதமுனிகள் அவ்வாறே அநுஸந்தித்தார். ஆழ்வார் காட்சி தந்தார். கேட்டது ஆயிரம், கிடைத்தது நாலாயிரம். இது குருபரம்பரை வழிவழிச் சொல்லும் வரலாறு.

ஊர் திரும்பிய நாதமுனிகள் அதைத் தம் யோகத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளவில்லை. மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் என்ற தம் மருமக்கள் இருவரையும் அழைத்து, இசையோடு கற்பித்துப் பரப்பினார். இன்று திவ்யதேசங்களில் கோஷ்டி எழுந்து சேவிக்கும்போது, மார்கழி இராப்பத்தில் திருவாய்மொழி ஒலிக்கும்போது, பெயரறியாத அந்த யாத்திரிகர்களின் பத்துப் பாசுரமே ஒலிக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. உத்ஸவத்துக்கு நடந்து வரும் ஒவ்வொரு யாத்திரிகரும் அவர்களுடைய வம்சத்தார்.

காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே வீராணம் ஏரி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப்பெயர். ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அந்த நீர்ப்பரப்பைக் கடலென்றே புதியவர் மயங்குவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வயலுக்குப் பாய்ந்த அந்நீர் 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது. ஏரிக்கு 74 மதகுகள் என்பது அப்பக்கத்து வழிவழிப் பேச்சு.

அந்த ஏரிக்கரையில் பிறந்த ஸம்ப்ரதாயத்தார் தம் குருபரம்பரையைச் சொல்லும்போது நீரைக் கொண்டே சொன்னது வியப்பன்று. திருமகள்கேள்வன் ஒரு கடல். கடல்நீர் எவ்வளவு இருந்தும் தாகத்துக்கு உதவாது. நம்மாழ்வார் என்னும் மேகம் அக்கடலில் முகந்து, உப்பை நீக்கி, கருணை நீராக்கி, நாதமுனிகள் என்னும் மலையில் பொழிந்தது. உய்யக்கொண்டார், மணக்கால் நம்பி என்னும் இரண்டு அருவிகளாய் அது வீழ்ந்தது. ஆளவந்தார் என்னும் ஆற்றில் கலந்தது. அவருடைய சிஷ்யர்களான பெரிய நம்பி முதலிய ஐவர் என்னும் வாய்க்கால்கள் வழியே ஓடி, எம்பெருமானார் என்னும் ஏரியை அடைந்தது. அங்கிருந்து 74 மதகுகளால் ஸம்ஸாரிகள் என்னும் வயல்களுக்குப் பாய்ந்தது. ராமாநுஜர் ஏற்படுத்திய 74 ஸிம்ஹாஸநாதிபதிகளே அந்த மதகுகள். ஏரியின் மதகுக் கணக்கைத் திருவுள்ளத்திற் கொண்டே அவ்வெண்ணை அமைத்தார் என்று பெரியோர் சொல்லுவர்.

பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இந்த உவமையை விளக்கவே வேண்டாம். பச்சைமலையில் மழை பெய்தால் ஓடைகளில் தண்ணீர் இறங்கும். அடிவாரத்து ஏரி நிரம்பும். நிரம்பினால் கலிங்கு வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். மேட்டு ஏரியின் கலிங்கு வழிவதைக் கண்டால் கீழ் ஊரார் கூட்டமாய் வந்து பூத்தூவிக் கும்பிடுவதுண்டு. கலிங்கு இல்லாமல் ஏரி வெட்டுவார் உண்டோ? எல்லாத் தண்ணீரும் எங்களுக்கே என்று ஓர் ஊரார் கலிங்கை அடைத்துவிட்டால், அடுத்த ஊர் வறண்டுபோவது அப்புறம். முதலில் உடைவது அவர்கள் கரைதான். வரத்து வாய்க்காலைத் தூர்த்துவிட்ட ஏரியின் கதையோ வேறு. மழை பெய்துகொண்டேயிருக்கும், ஏரியில் சொட்டு நீர் வராது. மனிதர்களிலும் இவ்விரு வகையாரும் உளர். பெய்கிற மழையை மழையென்றே உணராதவர் ஒரு வகை; பெய்ததெல்லாம் தமக்கே என்பவர் ஒரு வகை. இரண்டாவது வகையாரைத்தான் உலகம் அதிகம் கடிந்துகொள்கிறது. ஆனால் முதல்வகை நோய்தான் பொல்லாதது. காலையில் கண்விழித்ததும், கஞ்சியில் உப்பு இருந்ததும், சின்ன வெங்காய வயலில் தாள் பச்சையாய் நின்றதும், பக்கத்து வீட்டுக்காரி குசலம் கேட்டதும் அநுக்ரஹம் என்று தோன்றாதவனுக்கு, பிறருக்குக் கொடுக்கத் தன்னிடம் ஏதோ இருக்கிறது என்றே தோன்றாது. தன்னை ஏழை என்று எண்ணிக்கொண்டே இருப்பான்.

அந்த ஏரிக்கு எம்பெருமானாரே தகுதி என்பது திருக்கோஷ்டியூரில் வெளிப்பட்டது. அக்கதையைக் கேளாத வைஷ்ணவர் இல்லை. திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு, இன்றைய சாலைக் கணக்கில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் நடந்து பதினெட்டு முறை போனார் ராமாநுஜர். பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பினார். பதினெட்டாம் முறை திருக்கோஷ்டியூர் நம்பி திருமந்திரத்தின் ரஹஸ்யார்த்தத்தை அருளினார். எவர்க்கும் வெளியிடலாகாது, வெளியிட்டால் நரகம் என்றும் ஆணையிட்டார். ராமாநுஜர் ஊர்மக்களைக் கூட்டி, கோயிலில் உயர நின்று, ஆசையுள்ளார் அனைவர்க்கும் அதை வெளியிட்டார். நம்பி சினந்தார். அடியேன் ஒருவன் நரகம் புகுந்தாலும் இத்தனை பேரும் உய்வார்களே என்ற மறுமொழியைக் கேட்டு உருகி, மார்போடு தழுவி, எம்பெருமானாரே என்று அழைத்தார்.

இவ்வளவும் எல்லோரும் சொல்வது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு பகுதி உண்டு. அந்தப் பதினெட்டாம் பயணத்துக்கு நம்பி சொல்லியனுப்பியது, தண்டும் பவித்திரமுமாகத் தனியே வரவேண்டும் என்பதாம். ராமாநுஜரோ கூரத்தாழ்வானையும் முதலியாண்டானையும் அழைத்துக்கொண்டு போனார். தனியே வரச்சொன்னேனே என்று நம்பி கேட்டதற்கு, இவர்களே அடியேனுடைய தண்டும் பவித்திரமும் என்று விண்ணப்பம் செய்தார். பதினேழு முறை ஏமாந்து திரும்பியவர் அவர். பதினெட்டாம் முறையும் எங்கே கைநழுவிப் போகுமோ என்று அஞ்சவேண்டிய நிலை. அந்த நிலையிலும், கிடைக்குமா என்றே தெரியாத பொருளில் இருவருக்குப் பங்கு வைத்துக்கொண்டு போனார். ஊரறியச் சொன்னது பிற்பாடு நடந்த காரியம். வாங்குவதற்கு முன்பே அவர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

இதையெல்லாம் கேட்டுக் கண்ணீர் மல்கும் ஸமூகமே, கேட்டு முடித்தபின் மதகை அடைத்த காலங்களும் உண்டு. திருநாராயணபுரத்தில் தாழ்த்தப்பட்டவர்களைத் திருக்குலத்தார் என்று ராமாநுஜர் அழைத்துக் கோயிலுக்குள் இடம் தந்தார் என்பதை எல்லோரும் அறிவர். ஆயினும் அதற்குப்பின் நூற்றாண்டுகள் பல கழிந்தும், தமிழ்நாட்டுக் கோயில்களின் வாசலில் ஒருசாரார் வெளியிலேயே நின்றார்கள். 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழவேண்டியிருந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்கென்றே சட்டம் வரவேண்டியிருந்தது. ஸ்ரீசடகோபத்தை யாவர் தலையிலும் வைக்கும் ஸம்ப்ரதாயத்துக்கு இது பெருமை தருவதன்று. பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது எந்த வீதிவரை எழுந்தருளுகிறார் என்று ஊர்ப் பெரியவர்கள் ஒருமுறை தங்களுக்குள் கேட்டுக்கொள்வது தவறாகாது. மதகில் எங்கோ ஒரு பழைய கல் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

சிறிய அடைப்புகளும் உண்டு. அவற்றை எடுக்கச் சட்டம் வேண்டியதில்லை. தீர்த்தம் வாங்கியவர் அங்கேயே நின்று இன்னொருமுறை கைநீட்டுகிறார். பின்னால் நிற்கும் குழந்தைக்கு எட்டவில்லை. உபயதாரர் கொடுத்த குழல்விளக்கில் வெளிச்சத்தைவிடப் பெயரே அதிகமாகத் தெரிகிறது. மண்டபத்தில் முன்னிரவிலேயே பாயை விரித்தவர், நள்ளிரவில் வரும் யாத்திரிகருக்குக் காலை மடக்கிக்கொள்ள மனமின்றித் தூங்குவதுபோல் கிடக்கிறார். திருக்கோவலூரில் ஒருவர் படுக்கப் போதுமான இடைகழியில், இருவர் உட்கார்ந்து, மூவர் நின்று, மழையிரவைக் கழித்த முதலாழ்வார்களின் கதையை அவரும் கேட்டவர்தான். பொய்கையார் எழுந்து உட்கார்ந்தபடியால்தான் பூதத்தாருக்கு இடம் கிடைத்தது. இருவரும் எழுந்து நின்றபடியால்தான் பேயாருக்கு இடம் கிடைத்தது. மூவரும் நெருங்கி நின்ற பின்னரே நான்காமவனாய் எம்பெருமான் வந்து புகுந்தான். ஒருவர் மட்டும் காலை நீட்டிப் படுத்திருந்த வரையில் அவன் வரவில்லை.

ததீயாராதனப் பந்தியில் மறுபுறம் காணக் கிடைப்பதும் உண்டு. தன் இலையில் விழுந்த புளியோதரையில் பாதியை ஒதுக்கி, தொன்னையில் இட்டு, புடைவைத் தலைப்பில் முடிந்துகொள்கிறாள் ஒரு பெண். வீட்டில் படுத்திருக்கும் மாமியாருக்கு. வழியில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவர், எந்தக் கோயில் பிரஸாதம் என்று கேட்பார். அவருக்கும் அதில் ஒரு பிடி போகும். மாமியாருக்குச் சேர்வது நான்கு கவளமே இருக்கலாம். அதையும் அந்தக் கிழவி தனியாக உண்ணமாட்டாள். வாசலில் விளையாடும் பேரப்பிள்ளையைக் கூப்பிடுவாள்.

அரும்பாவூரில் இப்போது ஏதோ ஒரு பட்டறையில் ஒரு குதிரை வாஹனம் பாதி வேலையில் நின்றுகொண்டிருக்கக்கூடும். கால் தூக்கியாயிற்று, பிடரி இன்னும் செதுக்கவில்லை. எந்த ஊர் வீதியில் அது பெருமாளைச் சுமக்கப்போகிறதோ, அந்த வீதித் திண்ணையில் இருக்கும் பாட்டியின் பெயர் சிற்பிக்குத் தெரியாது. அவருடைய பெயரும் அவளுக்குத் தெரியாது. மேளம் நின்ற அந்த ஒருகணத்தில் அவள் கைகூப்பும்போது, எம்பெருமானுக்கும் அவளுக்கும் நடுவே பச்சைமலை அடிவாரத்து வாகைமரம் ஒன்று தோள்கொடுத்து நிற்கும்.